நேரில் பார்க்காத நோயாளிக்கு டாக்டர் மருந்து எழுதலாமா? இந்திய விதிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டாக்டர், அம்மாவுக்கு ஒரு வாரமா வறட்டு இருமல். நல்ல சிரப் பேரு ஒண்ணு வாட்ஸ்அப்ல போட்டுவிடுங்களேன்."

இப்படி ஒரு செய்தி வராத வாரம் எனக்குக் கிடையாது. கேட்பவர் தெரிந்தவராக இருப்பார். அவருடைய அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மாவுக்கு என்ன வயது, மூச்சு வாங்குகிறதா, பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எதுவும் தெரியாது. கடைசிக் கேள்வி முக்கியமானது. எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளே சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். அவருக்குத் தேவை சிரப் அல்ல, மாத்திரையை மாற்றுவது. பெயரைத் தட்டி அனுப்பிவிட்டால் அந்த அம்மா சிரப்பும் குடிப்பார், இருமிக்கொண்டும் இருப்பார்.

இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே இந்தியாவுக்குப் பொருந்துபவை, அலோபதி மருத்துவம் சார்ந்தவை. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதிக்குத் தனி வழிகாட்டுதல்கள் உண்டு.

இதற்கென்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் 2020 மார்ச் 25-இல் வெளியாயின. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாள். அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் இருந்த ஆளுநர் குழு, நிதி ஆயோக்குடன் சேர்ந்து இதைத் தயாரித்தது. மருத்துவர்களின் நடத்தை நெறிகளைச் சொல்லும் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் ஐந்தாவது பின்னிணைப்பாக இது சேர்ந்தது. ஆகவே இதை மீறினால் டாக்டர் மீது தொழில்முறை ஒழுங்கீன நடவடிக்கை எடுக்கலாம்.

அதற்கு முன்பு நிலைமை தெளிவில்லாமல் கிடந்தது. 2018 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. பிரசவத்துக்குப் பிறகு உடம்பு முடியாமல் மருத்துவமனைக்குத் திரும்பி வந்த ஒரு பெண், மருத்துவர்கள் ஊரில் இல்லாத நேரத்தில், போனில் சொல்லப்பட்ட அறிவுரைப்படி அங்கே சேர்க்கப்பட்டு, பிறகு இறந்துபோனார். சம்பந்தப்பட்ட மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுக்கப்பட்டது. நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுப்பது குற்றத்துக்குரிய அலட்சியம் ஆகும் என்ற கருத்து அந்த உத்தரவில் அழுத்தமாக இருந்தது. அதன்பின் பல டாக்டர்கள் போனை எடுக்கவே பயந்தார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற கோட்டை 2020 வழிகாட்டுதல்தான் போட்டுக் கொடுத்தது.

2023 ஆகஸ்டில், மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. அதே மாதத்தில் அவை நிறுத்திவைக்கப்பட்டு, பழைய 2002 விதிகளே தொடரும் என்று சொல்லப்பட்டது.

அப்படியானால், ஒருமுறைகூட நேரில் பார்க்காதவருக்கு டாக்டர் மருந்து எழுதலாமா?

எழுதலாம். ஆனால் எல்லா மருந்தும் அல்ல, எல்லா வழியிலும் அல்ல.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் இவர் யார், வயது என்ன, என்ன தொந்தரவு, முன்பு என்ன நோய், இப்போது என்ன மருந்து என்று டாக்டர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். குறைந்தது ஒரு தற்காலிக நோய்க் கணிப்புக்காவது வந்திருக்க வேண்டும் என்கிறது. கணிப்பே இல்லாமல் மருந்து எழுதினால் அது தொழில்முறை ஒழுங்கீனம் என்று வழிகாட்டுதல் நேரடியாகவே சொல்கிறது. நேரில் உட்கார வைத்து, தலை நிமிராமல் எழுதிக் கொடுக்கும் சீட்டும் இந்த அளவுகோலில் தேறாது என்பது என் கருத்து.

நான் அவரிடம் ஏற்கெனவே காட்டியிருக்கிறேன். நான் பழைய நோயாளிதானே?

தேதியைப் பாருங்கள். அதே நோய்க்காக, அதே டாக்டரிடம், கடந்த 6 மாதத்துக்குள் நேரில் காட்டியிருந்தால்தான் போனில் பேசுவது தொடர் ஆலோசனை. 6 மாதம் தாண்டிவிட்டாலோ, வேறு நோய்க்காகக் கேட்டாலோ, அது மறுபடி முதல் ஆலோசனைதான். பத்து வருடமாக அவரிடம் சர்க்கரைக்குக் காட்டுகிறவர் இன்று கண் சிவந்திருக்கிறது என்று போன் செய்தால், கண்ணைப் பொறுத்தவரை அவர் புது நோயாளி.

அந்த நோயோடு சம்பந்தமில்லாத புதிய அறிகுறி வந்திருந்தாலும், முந்தைய சிகிச்சை என்ன என்று டாக்டருக்கே நினைவில்லாவிட்டாலும் அதைத் தொடர் ஆலோசனையாகக் கணக்கில் எடுக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை எழுதியவர்களைக் கும்பிட வேண்டும். "போன தடவை எழுதுனீங்களே, அதே மஞ்சள் மாத்திரைதான்" என்று ஒருவர் சொல்லும்போது, என் குறிப்பேட்டில் அது இல்லையென்றால், எனக்கும் அவர் புது நோயாளிதான். தெரிந்த மாதிரி தலையாட்டுவது விதிப்படியும் தவறு, நோயாளிக்கும் ஆபத்து.

எந்த மருந்தை எப்போது எழுதலாம்?

மருந்துகளை மூன்று பட்டியலாகப் பிரித்து, நான்காவதாக ஒரு தடைப் பட்டியலையும் வைத்திருக்கிறார்கள்.

ஓ பட்டியலில் இருப்பவை வீட்டு அலமாரியில் கிடக்கும் வகை: பாராசிட்டமால், ஓஆர்எஸ் கரைசல், தொண்டைக்கு மிட்டாய் போலச் சப்பும் மாத்திரை. இவற்றைப் போன், எழுத்து, வீடியோ என எந்த வழியில் பேசியும் சொல்லலாம். புது நோயாளிக்கும் சொல்லலாம்.

ஏ பட்டியலைப் புது நோயாளிக்கு எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். படர்தாமரைக்குத் தடவும் குளோட்ரிமசோல், சிரங்குக்கான பென்சைல் பென்சோயேட், கண்வலிக்கான சிப்ரோஃபிளாக்சசின் சொட்டு மருந்து போன்றவை இதில் வரும். நாள்பட்ட நோய்க்கு ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மெட்ஃபார்மின், அட்டெனலால், எனலாப்ரில் போன்றவற்றைத் திரும்ப எழுதித் தருவதும் இதில்தான்.

பி பட்டியல் தொடர் ஆலோசனைக்கு மட்டும். நேரில் பார்த்து ஆரம்பித்த சிகிச்சையோடு இன்னொரு மருந்தைச் சேர்ப்பது. மெட்ஃபார்மின் சாப்பிட்டும் சர்க்கரை இறங்காதவருக்கு சிட்டாக்ளிப்டினைச் சேர்ப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

தடைப் பட்டியலில் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் (விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்துகள்) உள்ளவையும், 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தில் உள்ளவையும் அடங்கும். மார்ஃபின், கோடீன், கெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் என்று நீளும். இந்த வழிகாட்டுதல்படி இவற்றைத் தொலைவிலிருந்து எழுதக்கூடாது.

வருடக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிடுகிறேன். தீர்ந்துவிட்டது. போனில் எழுதித் தர மறுக்கிறார்கள். நான் என்ன செய்வது?

உங்கள் தவிப்பு நிஜமானது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான மாத்திரைகளில் பல மேலே சொன்ன சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. ஆகவே உங்களைத் தெரியாத டாக்டர் மறுப்பது சரியே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அல்பிரசோலம் போன்றவற்றை நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், கடும் பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். எனவே கடைசி மாத்திரை தீரும்வரை காத்திருக்காதீர்கள். பத்து நாளுக்கு இருக்கும்போதே உங்களுக்கு எழுதிய டாக்டரிடம் நேரில் போய்விடுங்கள். ஏற்கெனவே தீர்ந்துபோய் நடுக்கம் தொடங்கியிருந்தால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய காரணம், மெடிக்கல் ஷாப்பில் கெஞ்ச வேண்டிய காரணம் அல்ல. மனநல சிகிச்சைக்கென்று 2020-இல் தனிச் செயல்முறை வழிகாட்டியும் வந்திருக்கிறது. உங்கள் மனநல மருத்துவரிடம் போனில் எது முடியும், எது முடியாது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதாதா?

போட்டோவும் எழுத்தும் மட்டும் என்றால், புது நோயாளிக்கு ஓ பட்டியல் அளவுக்குத்தான் போகலாம். வாட்ஸ்அப் வழியாகவே வீடியோவில் பேசினால் அது வீடியோ ஆலோசனை. செயலி எது என்பதைவிட எந்த வழியில் பேசினோம் என்பதுதான் கணக்கு.

ஒருமுறை முதுகில் ஒரு பக்கமாகச் சிவந்திருந்த தடிப்பின் படம் வந்தது. பூச்சிக்கடி போலத்தான் இருந்தது. வீடியோவில் வரச் சொன்னேன். சட்டையைத் தூக்கித் திரும்பி நிற்கச் சொன்னபோது, தடிப்பு முதுகெலும்பிலிருந்து விலாவைச் சுற்றி ஒரு பட்டையாக ஓடி, நடுக்கோட்டில் நின்றிருந்தது. தொடும் முன்பே எரிகிறது என்றார். அக்கி. படத்தில் அவர் காட்டியது அந்தப் பட்டையில் நாலு விரல் அகலம். அக்கிக்கான மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்பதால் அன்றே நேரில் வரவழைத்தேன். பூச்சிக்கடிக்குக் களிம்பு எழுதியிருந்தால் அந்த மணி நேரங்கள் போயிருக்கும்.

பெயர் சொல்லாமல் கேட்கலாமா?

முடியாது. நோயாளி, டாக்டர் இருவருமே தாங்கள் யார் என்று சொல்லியாக வேண்டும். டாக்டர் தன் பதிவு எண்ணை மருந்துச்சீட்டிலும், ரசீதிலும், நோயாளியோடு வைத்துக்கொள்ளும் மின்னணுத் தொடர்பிலும் காட்ட வேண்டும். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. பால்வினை நோய், குடிப்பழக்கம், மன அழுத்தம் என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தத் தயக்கம் அதிகம். நீங்கள் சொல்வதை வெளியே விடக்கூடாது என்ற கடமை நேரிலும் போனிலும் டாக்டருக்கு ஒன்றுதான்.

குழந்தைக்கு?

பெரியவர் ஒருவர் குழந்தையோடு இருக்க வேண்டும், அவர் யார் என்பதும் தெரிய வேண்டும். வயதில் சந்தேகம் வந்தால் டாக்டர் சான்று கேட்கலாம். எடையையும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். குழந்தைக்குப் பாராசிட்டமால் அளவுகூட எடையைப் பார்த்துத்தான். "ஒரு மூடி கொடுக்கலாமா" என்று கேட்காதீர்கள். பாட்டிலில் 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். ஒரே பெயரில் 120-உம் உண்டு, 250-உம் உண்டு.

அப்பாவுக்காக நான் பேசலாமா?

அப்பா நல்ல நினைவோடு இருக்கிறார் என்றால் அவரே பேசுவதோ, உங்களுக்கு அனுமதி கொடுப்பதோதான் முறை. மறதி நோய், பேச முடியாத நிலை போன்றவற்றில் பராமரிப்பவர் பேசலாம். நோயாளியே டாக்டரை அழைத்தால் சம்மதம் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். பராமரிப்பவரோ, செவிலியரோ, டாக்டரோ தொடங்கினால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். குறுஞ்செய்தியிலோ குரல் பதிவிலோ ஒரு வரி போதும். முடிந்தவரை அப்பாவை ஒரு நிமிஷமாவது திரையில் காட்டுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க எத்தனை தடவை மூச்சு இழுக்கிறார் என்பதை நீங்கள் விவரிப்பதைவிட நான் பார்ப்பது மேல்.

செயலியில் முதலில் மருந்தைக் கூடையில் போட்டேன். பிறகு ஒரு டாக்டர் அழைத்து ஒரு நிமிஷம் பேசினார், சீட்டு தயாராகிவிட்டது. இது சரியா?

எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இதுதான். வரிசை தலைகீழாகிவிட்டது. நோய் என்ன என்று பார்த்து மருந்துக்கு வர வேண்டும். இங்கே மருந்து முடிவாகி, அதற்கு ஒரு சீட்டு தேடப்படுகிறது. "பெயர் சரியா, அலர்ஜி உண்டா, ஓகே" என்று முடியும் அழைப்பில் நோய்க் கணிப்பு எங்கே இருக்கிறது? ஆன்டிபயாடிக்குகள் ஓ பட்டியலில் இல்லை. அவற்றைப் புது நோயாளிக்கு வெறும் குரல் அழைப்பில் எழுதுவதை வழிகாட்டுதல் அனுமதிக்கவில்லை.

உங்களை அழைத்தவர் வழக்கமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரைக்குப் பழைய சீட்டைப் பார்த்து, கடைசியாக எடுத்த பிரஷர் அளவைக் கேட்டு, எழுதியிருந்தால் அது வேறு. அப்படி அக்கறையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது மூன்று: டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் தேடிப் பாருங்கள், எந்த நோய்க்காக எழுதுகிறீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வராத சீட்டு எனக்கு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சீட்டை நேரே ஒரு மருந்துக்கடைக்கு அனுப்புவதற்கும் உங்கள் சம்மதம் தேவை. எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் விருப்பம்.

காசு கட்டிய பிறகும் "நேரில் வாருங்கள், மருந்து எழுத மாட்டேன்" என்கிறார். நியாயமா?

நியாயம்தான். எந்தக் கட்டத்திலும் தொலை ஆலோசனையை நிறுத்தி நேரில் வரச் சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. நீங்கள் கொடுத்தது அவருடைய மதிப்பீட்டுக்கான கட்டணம். "இதைப் போனில் தீர்க்க முடியாது" என்பதும் ஒரு மதிப்பீடு. அதே உரிமை உங்களுக்கும் உண்டு: நேரில் வரத் தயாராக இருப்பவரைப் போனில்தான் பார்ப்பேன் என்று டாக்டர் கட்டாயப்படுத்துவது ஒழுங்கீனம்.

நெஞ்சுவலி மாதிரி அவசரம் என்றால்?

108. போனில் டாக்டர் செய்யக்கூடியது முதலுதவி சொல்வதும் மருத்துவமனைக்கு அனுப்புவதும்தான்.

மகன் துபாயில் இருக்கிறான். இங்குள்ள நம் குடும்ப டாக்டர் அவனுக்கு எழுதலாமா?

இந்த வழிகாட்டுதல் இந்தியாவுக்குள் மட்டும்தான். நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு ஆலோசனை தருவது இதில் அடங்காது. அவர் இருக்கும் நாட்டின் சட்டம்தான் அங்கே பேசும். அங்குள்ள டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்தியாவுக்குள் அந்தச் சிக்கல் இல்லை: மதுரை டாக்டர் டெல்லியில் இருப்பவருக்கும் எழுதலாம்.

மெடிக்கல் ஷாப்பில் போனில் வந்த சீட்டை ஏற்பார்களா?

டாக்டர் கையெழுத்திட்ட சீட்டின் படம், ஸ்கேன் அல்லது மின்னணுச் சீட்டை அனுப்பலாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. அதில் உங்கள் பெயர், வயது, தேதி, மருந்தின் பொதுப் பெயர், அளவு, எத்தனை நாள், டாக்டரின் பெயர், பதிவு எண், கையெழுத்து இருக்கட்டும். "டோலோ 1-0-1" என்று வெறும் செய்தியாக வந்தது மருந்துச்சீட்டு ஆகாது.

கடைக்காரர் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். அவருக்கும் சட்டம் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி ஹெச் அட்டவணை மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 அட்டவணையில் வலுவான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடும் மருந்துகள் அடங்கும். அவற்றை விற்கும்போது டாக்டர், நோயாளி பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் நீட்டும் சீட்டில் டாக்டர் பெயர் இல்லையென்றால் அவர் எதை எழுதுவார்?

பழைய சீட்டையே திரும்பத் திரும்பக் காட்டலாமா?

எத்தனை முறை கொடுக்கலாம் என்று டாக்டர் குறிப்பிட்டிருந்தால் அந்த அளவுக்கு. குறிப்பிடாவிட்டால் ஒருமுறைதான். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய சீட்டோடு நான்கு வருடமாக மெட்ஃபார்மின் வாங்கி வந்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். அதே அளவு, அதே மாத்திரை. இடையில் அவருடைய சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மெட்ஃபார்மின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். ஒரு கிரியேட்டினின் பரிசோதனை அதைச் சொல்லியிருக்கும். யாரும் எழுதவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் சொந்தக்கார டாக்டரிடம் கேட்டால்?

கேளுங்கள், தப்பில்லை. ஆனால் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி அவர் சொல்லும் மாத்திரைப் பெயரைச் சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "யாரிடம் காட்ட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் காட்ட வேண்டும்" என்று கேளுங்கள். சொந்தக்கார டாக்டர் தரக்கூடிய மிக நல்ல பதில் அதுதான். எங்களைப் போன்றவர்களுக்கும் அது பெரிய நிம்மதி.

செயற்கை நுண்ணறிவுச் செயலி மருந்து சொன்னால்?

நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ அதற்கு அனுமதி இல்லை. டாக்டருக்கு உதவியாக இருக்கலாம். எழுதுவது பதிவு பெற்ற மருத்துவராக மட்டுமே இருக்க வேண்டும்.

தவறாக எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். எங்கே புகார் செய்வது?

அவர் பதிவு செய்துள்ள மாநிலத்தின் மருத்துவக் கவுன்சிலில். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். 2002 விதிகளின்படி புகார் மீது 6 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.

அதற்கு முன், செய்திகளை அழித்துவிடாதீர்கள். அழைப்பு வந்த நேரம், சீட்டின் படம், ரசீது, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். டாக்டரும் ஆலோசனையின் பதிவையும் சீட்டின் நகலையும் வைத்திருக்கக் கடமைப்பட்டவர். மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு.